62மாஸ் பாணி டைவர் வாட்ச்: காலிக் கேஸிலிருந்து மூடி இறுக்கும் வரை

மெஷின், டயல், முள் மூன்றும் டப்பாவிலேயே இருக்கட்டும். முதலில் காலிக் கேஸை, அதாவது வாட்சின் எஃகு உடலை, மட்டும் வெளியே எடுங்கள். டயல் கோணலாக உட்கார்ந்தால் கழற்றி மாட்டலாம், முள் வளைந்தால் வேறு வாங்கலாம். கேஸ் ஒழுகினால் உள்ளே வைத்த எல்லாமே துருவுக்குப் போய்விடும். அதனால் பழைய தோற்றத்தில் ஒரு டைவர் வாட்ச் (ஆழ்நீரில் மூழ்குவோருக்கான கைக்கடிகாரம்) கட்டும் வேலை கேஸில்தான் தொடங்க வேண்டும்.

இங்கே கட்டியது 62மாஸ் பாணி வாட்ச். 1965-இல் செய்கோ வெளியிட்ட 62மாஸ்தான் ஜப்பானின் முதல் டைவர் வாட்ச். உள்ளே 6217 மெஷின், 150 மீட்டர் ஆழம் தாங்கும் கேஸ், சுமார் 38 மி.மீ. விட்டம், அக்ரிலிக் கண்ணாடி, பின்மூடியில் டால்பின் உருவம். 1966 முதல் 1969 வரை ஜப்பானிய அண்டார்டிகா ஆய்வுக் குழுவினர் இதைக் கட்டியிருந்தார்கள். 2017-இல் செய்கோ நிறுவனமே இதை 2000 எண்ணிக்கையில் மறுபடைப்பாகக் கொண்டுவந்தது. 2020-இல் வந்த எஸ்பிபி143 அதே முகத்தை 40.5 மி.மீ. கேஸில், 200 மீட்டர் தாங்குதிறனோடும் 6ஆர்35 மெஷினோடும் சாதாரண விற்பனைக்குக் கொண்டுவந்தது. அகன்ற செவ்வக முள், தடித்த செவ்வகக் குறிகள், ஒல்லியான பெசல் (கண்ணாடியைச் சுற்றியிருக்கும் சுழல் வளையம்), ஓரம் எழும்பிய கண்ணாடி: இந்த நான்கும் சேர்ந்தால் அந்த முகம் வந்துவிடுகிறது. வேலையில் கை நடுங்க வைப்பவையும் இதே நான்குதான். முள் அகலம் என்பதால் கொஞ்சம் கோணினாலும் கண்ணில் குத்தும். கண்ணாடி ஓரம் எழும்பியிருப்பதால் அழுத்தும்போது சில்லு பெயரும்.

பாகங்கள்

மெஷின் என்ஹெச்35ஏ. உராய்வைக் குறைக்கும் 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுச் சாவிக்கு சுமார் 41 மணி நேரம் ஓடும். விட்டம் 27.4 மி.மீ., உயரம் 5.32 மி.மீ. செய்கோவின் 4ஆர்35-க்கு உடன்பிறப்பு. கையால் சாவி கொடுக்கலாம், கிரவுனை (பக்கவாட்டில் இருக்கும் சாவிக் குமிழை) முழுக்க இழுத்தால் விநாடி முள் நிற்கும். நாளைக்கு மைனஸ் 20 முதல் பிளஸ் 40 விநாடி வரை தவறலாம் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. பொறுமையாகச் சரிசெய்தால் அதைவிட வெகு நெருக்கமாக ஓடும் மெஷின் இது.

கேஸ் 316எல் எஃகு, 40 மி.மீ. அளவு, வார் அகலம் 20 மி.மீ., 3 மணிப் பக்கம் திருகி மூடும் கிரவுன், சஃபையர் கண்ணாடி. 1965-இன் அசலில் கிரவுன் திருகி மூடுவதல்ல, அழுத்தி விடுவது. இந்த ஓர் இடத்தில் அசலை விட்டு விலகுவதுதான் சரி. டயல் 28.5 மி.மீ. விட்டம், 3 மணியில் தேதி ஜன்னல். முள் துளைகள் மணிக்கு 1.50, நிமிடத்துக்கு 0.90, விநாடிக்கு 0.20 மி.மீ. முள் வாங்கும்போது இந்த மூன்று எண்களைப் பார்க்காமல் வாங்காதீர்கள். மியோட்டா, ஈட்டிஏ போன்ற வேறு நிறுவன மெஷின்களுக்குரிய முள்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இதில் உட்காராது.

கேஸோடு வரும் ஓ-ரிங்குகளை (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களை) ஒதுக்கி வைத்துவிட்டு, அதே அளவில் புதிதாக இரண்டு செட் வாங்குவது நல்லது. எத்தனை நாள் எந்த வெயிலில் கிடந்த ரப்பர் என்பது நமக்குத் தெரியாது. அதோடு ஒரு டப்பா சிலிக்கான் கிரீஸ், திருகு இழையைப் பூட்டும் மென்பிடி வகை லாக்டைட் 222 திரவம், தூசியை ஒற்றி எடுக்கும் ரோடிகோ களிமண், காற்றுப் பந்து, விரலுறை.

டயலில் அச்சடிக்கும் எழுத்து பற்றி ஒரு வார்த்தை. செய்கோ பெயரையோ ‘டைவர்ஸ் 200 மீ’ என்ற வரியையோ கையால் கட்டிய வாட்சில் போடக் கூடாது. முதலாவது பொய். இரண்டாவது, டைவர் வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 தரச் சோதனையை ஒவ்வொரு வாட்சாகத் தாண்டியவற்றுக்கு மட்டும் உரிய சொல். வெறும் டயல் போதும், அதுவே அழகு.

கண்ணாடி

சஃபையர் கண்ணாடி ஒரு நைலான் வளையத்தின் பிடியில் நிற்கிறது. முதலில் வளையத்தைக் கேஸில் உட்கார வைத்து, சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். பிறகு கண்ணாடியை மேலே வைத்து அழுத்து கருவியில் இறக்க வேண்டும். மேல் நைலான் அச்சு கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் படிய வேண்டும், நடுக்குவிவில் படக் கூடாது. கால்வாசி இறங்கியதும் நிறுத்தி, கேஸைத் திருப்பி உள்ளிருந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அழுத்தத்தைக் கூட்டாமல் வெளியே எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கோணலாக இறங்கும் கண்ணாடி நைலானைச் சீவிவிடும். மயிரிழை போல ஒரு வெள்ளைச் சுருள் ஓரத்தில் தெரிந்தால் வளையம் போயிற்று, வேறு போட வேண்டும். அந்தச் சுருளைக் கத்தரித்துவிட்டு அப்படியே விட்டால் கண்ணாடி கெட்டியாகத்தான் நிற்கும், ஆனால் சீவிய இடத்தில் தண்ணீருக்கு வழி இருக்கும்.

காலிக் கேஸ் சோதனை

பின்மூடி ஓ-ரிங்கைக் கிரீஸ் பஞ்சில் ஒரு சுற்று உருட்டுங்கள். பூசியது தெரியக் கூடாது, பளபளப்பு மட்டும் தெரிய வேண்டும். கிரீஸ் ஒழுகலை அடைக்காது, ரப்பர் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கத்தான் அது. திருகும் பின்மூடி சுற்றிக்கொண்டே இறங்குவதால் காய்ந்த ரப்பரை இழுத்து மடித்துவிடும். கிரவுனுக்குள் இருக்கும் சிறு ஓ-ரிங்குக்கும் இதே கிரீஸ், ஊசி முனையளவு.

உள்ளே ஒரு டிஷ்யூத் துண்டை மடித்து வையுங்கள். அதில் தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் நான்கைந்து புள்ளி. பின்மூடியை இறுக்கி, கிரவுனைத் திருகி மூடி, கைப்பம்பு வைத்த சோதனைக் குடுவையில் தொங்கவிட வேண்டும். வாட்ச் தண்ணீருக்கு மேலே, காற்றில் இருக்கும்போதே அழுத்தத்தை 6 பாருக்கு ஏற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். கேஸில் ஓட்டை இருந்தால் அந்த அழுத்தக் காற்று உள்ளே நுழைந்திருக்கும். இப்போது வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெல்லக் குறையுங்கள். உள்ளே போன காற்று அதே வழியாகக் குமிழியாக வெளியே வரும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கையில் பழக்கிக்கொள்ள வேண்டும். குமிழி வரிசை தெரிந்த கணமே வாட்சைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கிவிட வேண்டும். அழுத்தம் முழுக்க இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தால், உள்ளேயும் வெளியேயும் சமமானதும் தண்ணீர் உள்ளே ஏறத் தொடங்கும். காலிக் கேஸில் இது நஷ்டமில்லை. மெஷின் இருக்கும்போது கை தானாகவே தூக்க வேண்டும், அதற்கான பழக்கம் இங்கேதான் வரும்.

பெசலுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று குமிழி வந்து நின்றுபோனால் பயமில்லை, அங்கே சிக்கிய காற்று அது. ஒரே புள்ளியிலிருந்து ஊசி கோத்தது போல விடாமல் வந்தால்தான் ஒழுகல்.

இந்தக் கேஸில் முதல் சோதனையிலேயே அப்படி வந்தது. பின்மூடிப் பக்கம், 7 மணிக்கு நேராக, ஒற்றை வரிசை. மூடியைத் திறந்து ஓ-ரிங்கைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது, கிரீஸில் ஒட்டிய ஒரு பஞ்சிழை ரப்பரின் குறுக்கே படுத்திருந்தது. தலைமுடியைவிடச் சன்னம். ரப்பர் அதன் மேல் பாலம் போல வளைந்து, இழையின் இரண்டு பக்கமும் முக்கோணமாக இரண்டு சந்து விட்டிருந்தது. அந்தச் சந்து போதும். ஓ-ரிங்கை மாற்றி, உட்காரும் பள்ளத்தை ரோடிகோவால் சுற்றிலும் ஒற்றி எடுத்து மறுபடி 6 பாரில் வைத்தபோது ஒரு குமிழிகூட இல்லை, டிஷ்யூவில் புள்ளி கலையவில்லை. பள்ளத்தைத் துணியால் துடைக்காதீர்கள். இழை வந்தது துணியிலிருந்துதான்.

6 பார் என்பது அசையாத தண்ணீரில் ஏறத்தாழ 60 மீட்டருக்குச் சமம். 200 மீட்டர் வாட்சுக்கு ஐஎஸ்ஓ 6425 கேட்பது குறிப்பிட்ட ஆழத்தின் அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதல், அதாவது 25 பார். வீட்டுக் குடுவையில் அது முடியாது, முயலவும் கூடாது. குடுவை வெடித்தால் முகத்தில்தான் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே பம்பு அடியுங்கள். 6 பார் தாண்டிய வாட்சை நீச்சலுக்குக் கட்டலாம். ஸ்கூபாவுக்கு இதை நம்பி இறங்காதீர்கள்.

மெஷினை ஏற்கும் முன்

புதிய மெஷின் என்றாலும் டயல் மாட்டும் முன்பே ஒருமுறை டைம்கிராஃபரில் (டிக்-டிக் ஓசையைக் கேட்டு மெஷினின் ஓட்டத்தை அளக்கும் பெட்டியில்) வைத்துப் பாருங்கள். அதில் லிஃப்ட் ஆங்கிளை, அதாவது மெஷினுக்கு மெஷின் மாறும் கோண எண்ணை, 53 டிகிரி என்று அமைக்க வேண்டும். பெட்டி தானாகக் காட்டும் 52-இலேயே விட்டால் வீச்சுக் கணக்கு, அதாவது பேலன்ஸ் சக்கரம் ஊசலாடும் கோணம், சற்றுத் தவறும். கிரவுனை 55 சுற்று சுற்றினால் முழுச் சாவி. அரை மணி நேரம் ஓடவிட்டு டயல் மேல்நோக்கிய நிலையில் பாருங்கள். வீச்சு 250 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்ல ஆரோக்கியம். முழுச் சாவியில் 200-ஐத் தொடவே திணறினால் அதைக் கேஸில் போடாமல் திருப்பி அனுப்புவது மேல்.

ஸ்டெம்மை (கிரவுனை மெஷினோடு இணைக்கும் கம்பியை) கழற்றும் இடத்தில்தான் நிறைய மெஷின்கள் கெடுகின்றன. கிரவுன் முழுக்க உள்ளே இருக்கும் நிலையில், ஸ்டெம் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு குழிவை மெல்ல அழுத்தி, அழுத்திக்கொண்டே இழுங்கள். குழிவைக் கண்டபடி அமுக்கினால் ஸ்டெம்மைப் பிடித்திருக்கும் செட்டிங் லீவர் தன் இடத்தைவிட்டு இறங்கிவிடும். அதன் பிறகு ஸ்டெம் உள்ளே போகும், ஆனால் பிடிக்காது. அல்லது சாவி ஏறும், நேரம் மாற்ற வராது. சரிசெய்ய டயல் பக்கத்தைப் பிரித்தாக வேண்டும். இறகால் தொடுவது போலத் தொட்டாலே ஸ்டெம் வந்துவிடும். வராவிட்டால் அழுத்தும் இடம் தவறு.

டயல்

சந்தையில் கிடைக்கும் டயல்களில் பலவற்றுக்கு, மெஷினின் துளையில் செருக, அடியில் நான்கு கால் இருக்கும். 3 மணியில் கிரவுன் உள்ள கேஸுக்கு இரண்டு, 4 மணிக்குப் பக்கத்தில் கிரவுன் உள்ள கேஸுக்கு இரண்டு. மெஷினின் மேல் வைத்துப் பார்த்து, தேதி ஜன்னல் ஸ்டெம்முக்கு நேராக வரும் இரண்டு காலை மட்டும் விட்டு மற்றதை வெட்டுங்கள். வெட்டிய அடித்தண்டு கொஞ்சமும் மீறி நிற்கக் கூடாது. கால் மி.மீ. நின்றால்கூடத் தேதி வளையத்தில் உரசும். அப்போது வாட்ச் பகலெல்லாம் ஓடி நள்ளிரவை ஒட்டி நிற்கும், எண்ணெய் போதவில்லையோ என்று தேவையில்லாமல் மெஷினைப் பிரிக்க வைக்கும். வெட்டியபின் நுண்ணிய அரத்தால் மட்டமாக்கி, பொடியை ஊதிவிட்டுத்தான் மெஷின் பக்கம் கொண்டுபோங்கள்.

இந்த மெஷினில் டயல் காலைப் பிடிக்கத் திருகு கிடையாது, துளையின் இறுக்கம்தான். கால் உடைந்துபோனால் பசை ஊற்றாதீர்கள். இரட்டைப் பக்கம் ஒட்டும் மெல்லிய டயல் புள்ளிகள் கிடைக்கின்றன, தேதி வளையத்தைத் தொடாத ஓரத்தில் இரண்டு போதும்.

ஸ்டெம் வெட்டுதல்

முள் மாட்டும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். அரத்தூள் இரும்பு. அது காந்தம் ஏறிய ஒரு பாகத்தில் ஒட்டினால் வேலை நாறிவிடும். வெட்டுவது, அராவுவது எல்லாம் மேஜைக்கு அப்பால்.

டயலோடு மெஷினைக் கேஸில் வைத்து, முழு நீள ஸ்டெம்மை நுழைத்து, கிரவுனை அதன் நுனியில் முழுக்கத் திருகுங்கள். இப்போது கிரவுனின் அடிக்கும் கேஸ் குழாயின் தோளுக்கும் இடையே ஒரு வெளி இருக்கும். அதை வெர்னியரில் அளந்து, அதைவிட 0.5 மி.மீ. குறைவாக வெட்டுங்கள். மிச்சத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இழை 0.9 மி.மீ., வெட்டிய முனையில் பிசிறு நின்றால் கிரவுன் ஏறாது. முனையைச் சற்றுச் சாய்வாக அராவிக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் கேள்வி. திருகும் கிரவுனுக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு, அது அமுங்கி இடம் கொடுக்கும். ஸ்டெம் நீளமாக இருந்தால் ஸ்பிரிங் அடிவரை அமுங்கி, கிரவுன் கடைசிச் சுற்றில் கல் போல இறுகும், ஓ-ரிங் முழுக்கப் படியாமல் நிற்கும். குட்டையாகிவிட்டால் நேரம் மாற்றும் நிலைக்கு இழுக்கும்போது கிரவுன் குழாயில் மாட்டி, கிளிக் வராமல் ஏமாற்றும். மூன்று நிலையும் தெளிவாகக் கிளிக் ஆக வேண்டும். கிரவுனைத் திருகும்போது கடைசிவரை ஒரே சீராக இழுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டும் வந்துவிட்டால் அராவுவதை நிறுத்துங்கள். ஒரு ஸ்டெம் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது. இந்த வாட்சில் இரண்டாவது ஸ்டெம்தான் சரியாக வந்தது.

பூட்டும் திரவத்தை, ஸ்டெம் நீளத்தைக் கடைசியாகச் சரிபார்த்து முடித்தபிறகே போடுங்கள். ஸ்டெம் இழையில் ஊசி நுனியால் ஒரு புள்ளி லாக்டைட் 222. கிரவுன் துளைக்குள் ஊற்றினால் அது வழிந்து ஸ்பிரிங்கை ஒட்டிவிடும்.

முள்

கிரவுனை நேரம் மாற்றும் நிலைக்கு இழுத்து, தேதி மாறும் வரை முன்னோக்கி மட்டும் சுற்றுங்கள். தேதி மாறி முடிந்ததும் நிறுத்துங்கள். மெஷினுக்கு இதுதான் 12 மணி. மணி முள்ளையும் நிமிட முள்ளையும் 12-இல் வைக்க வேண்டும். விரலுறை இல்லாமல் டயல் பக்கம் போகாதீர்கள். கடற்கரை ஊர்க் காற்றில் விரல் ரேகை ஒரு வாரத்தில் கறையாகிவிடும்.

மணி முள்ளை அழுத்தியபின் கண்ணை டயல் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். முள்ளுக்கும் டயலுக்கும் இடையே ஒரு தபால் அட்டை நுழையும் வெளி, சுற்றிலும் ஒரே அளவு. நிமிட முள் அதற்கு மேல் அதே வெளியில். 62மாஸ் முள் பட்டையாக இருப்பதால் சாய்வு சட்டென்று தெரியும், அந்த வகையில் உதவிதான். ஆனால் வளைத்து நேராக்கப் போனால் உள்ளே நிரப்பிய ஒளிர்பூச்சு விரிசல் விடும். டயலில் விழுந்த ஒளிர்பூச்சுத் துகள் ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுக்காமல் மேலே போக முடியாது. இந்த முள்ளை வளைக்காமல் கழற்றி மறுபடி மாட்டுவதே வழி. கழற்றும்போது டயல் மேல் பாலிதீன் தாள் விரித்து, இரண்டு நெம்புகோலால் இரு பக்கமும் சமமாகத் தூக்குங்கள்.

விநாடி முள்தான் பொறுமையைச் சோதிப்பது. அச்சு 0.20 மி.மீ., முள்ளின் குழாய்த் துளையும் ஏறத்தாழ அதே அளவு. குழாயை அச்சின் மேல் வைத்துவிட்டு உடனே அழுத்தக் கூடாது. லென்ஸில் பக்கவாட்டில் பாருங்கள்: குழாய் அச்சின் மேல் நிமிர்ந்து நின்றால், ட்வீசரால் தொடும்போது முள் முழுசாகத் திரும்பும். அருகே எங்கோ உட்கார்ந்திருந்தால் ஒரு பக்கமாகச் சாயும். நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தபின் பிளாஸ்டிக் முனையால் நேர் கீழே அழுத்த வேண்டும். உள்ளே வழுக்கி இறங்குவது விரலில் தெரியும். தடை தெரிந்தால் அழுத்தாமல் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் குழாய் பிளக்கும் அல்லது அச்சு வளையும். முள்ளுக்கு வேறு வாங்கலாம். அச்சு வளைந்தால் மெஷினைப் பிரிக்க வேண்டும்.

மூன்றும் ஏறியபின் 24 மணி நேரம் கையால் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மணியிலும் நிமிட முள் 12-இல் நிற்கும்போது மணி முள் குறியின் நடுவில் நிற்க வேண்டும். முள்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடங்களில் நின்று பக்கவாட்டில் பாருங்கள். பின்னால் வரும் பல புகார்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே இடத்தில் வாட்ச் நின்றால் முள் உரசல். நள்ளிரவை ஒட்டி நின்றால் தேதி. கிரவுனைத் திருகி மூடியதும் நின்றால் ஸ்டெம் நீளம். மெஷினைக் குற்றம் சொல்லும் முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

சரிசெய்தல்

பேலன்ஸ் பக்கம் இரண்டு கைப்பிடிகள் இருக்கும். பிளஸ், மைனஸ் குறிக்கு அருகில் இருப்பது வேகத்துக்கு. ஹேர்ஸ்பிரிங்கின் (பேலன்ஸை ஊசலாட வைக்கும் மெல்லிய சுருளின்) வெளி முனையைப் பிடித்திருப்பது பீட் எரருக்கு, அதாவது டிக், டாக் இரண்டின் கால வேறுபாட்டுக்கு. இரண்டையும் குழப்பினால் வேலை முடிவில்லாமல் சுற்றும். முதலில் காந்த நீக்கியில் ஒருமுறை காட்டுங்கள். அடுத்து பீட் எரர். 0.5 மில்லிவிநாடிக்குள் வந்தால் போதும், பூஜ்ஜியத்தைத் துரத்த வேண்டாம். பீட் எரரைத் தொட்டால் வேகமும் மாறும், அதனால் வேகத்தைக் கடைசியில் தொடுவதுதான் முறை. தள்ளுவதற்கு மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் முனை. எஃகு முனை வழுக்கி ஹேர்ஸ்பிரிங்கில் பட்டால் அந்த மெஷின் அவ்வளவுதான். கண்ணுக்கு அசைந்தது தெரியாத அளவு தள்ளினாலே பத்து விநாடிக்கு மேல் மாறும்.

டயல் மேல், டயல் கீழ், கிரவுன் கீழ், கிரவுன் மேல் என்று நான்கு நிலையிலும் அரை நிமிடமாவது பாருங்கள். இந்த மெஷின் வந்தபோது டயல் மேல் நிலையில் நாளைக்கு பிளஸ் 14 விநாடி, பீட் எரர் 0.7. சரிசெய்தபின் டயல் மேல் பிளஸ் 6, கிரவுன் கீழ் மைனஸ் 2, பீட் எரர் 0.2. எல்லா நிலையிலும் ஒரே எண் வராது. கையில் ஓடும்போது சற்று முந்தும்படி விட்டுவிட்டு, இரவில் எந்த நிலையில் வைத்தால் அது ஈடாகிறது என்று கண்டுபிடித்துக்கொள்ளலாம். திடீரென்று ஒரு நாள் வாட்ச் நிமிடக் கணக்கில் முந்தினால் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கிறது. போன் உறையின் காந்த மூடி, ஸ்பீக்கர் இரண்டும்தான் வழக்கமான காரணம். வேகக் கைப்பிடியைத் தொடாமல் காந்தத்தை மட்டும் எடுங்கள்.

மூடும்போது உள்ளே அடைபடும் காற்று

பலர் கவனிக்காமல் விடுவது இதை. சென்னை, நாகப்பட்டினம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதம் சாதாரணம். அந்தக் காற்றின் பனிப்புள்ளி, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 26 டிகிரி. அதோடு மூடிய வாட்சைக் கட்டிக்கொண்டு 22 டிகிரி ஏசி அறைக்குள் போய், குளிர்ந்த மேஜைமேல் கழற்றி வைத்தால் கண்ணாடியின் உட்பக்கம் மூட்டம் போடும். ஒரு கன செ.மீ. காற்றில் வெறும் 24 மைக்ரோகிராம் நீர்தான் இருக்கிறது, ஆனால் மூட்டம் கண்ணுக்குத் தெரிய அது போதும். 24 டிகிரி, 50 சதவீதம் உள்ள அறையில் மூடினால் பனிப்புள்ளி 13 டிகிரிக்குப் போய்விடும். அந்தக் குளிர் நம் ஊரில் கண்ணாடிக்கு வரவே வராது.

அதனால் மூடும் வேலைக்கு ஏசி அறை. கேஸ், பின்மூடி, மெஷின் எல்லாம் ஒரு மணி நேரம் அங்கேயே திறந்து கிடக்கட்டும். மின்விசிறி வேண்டாம், அது பஞ்சிழையைக் கிளப்பிவிடும். கண்ணாடியின் உட்பக்கத்தைக் காற்றுப் பந்தால் ஊதி, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தூசி தெரியாது. மிச்சமிருக்கும் துகளை ரோடிகோ நுனியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். டயலிலும் அப்படியே. மெஷினை இறக்கி, ஸ்டெம்மைச் செருகி, கிளிக் கேட்டு, கிரவுனை இழுத்து மூன்று நிலையும் ஒருமுறை பார்த்துவிட்டு மூடுங்கள். பின்மூடி ஓ-ரிங் பள்ளத்தில் கிடப்பதை லென்ஸில் சுற்றிப் பார்க்காமல் மூடியைத் தொடாதீர்கள். கையால் முடிந்தவரை திருகி, பிறகு மூன்று முனைக் கருவியால் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினால் போதும்.

மறுபடி 6 பார் குடுவை. தாண்டினால் ஐஎஸ்ஓ 6425-இல் உள்ள மூட்டச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம்: வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடியின் மேல் 20 டிகிரி அளவிலான ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். உட்பக்கம் தெளிவாக இருக்க வேண்டும். ஈரக் காற்றோடு மூடிய வாட்ச் ஒழுகலே இல்லாமலும் இதில் மூட்டம் காட்டும், ஓ-ரிங்கைக் குற்றவாளியாக்கிவிடும். பிரித்தறிய, பின்மூடியைத் திறந்து உலர்ந்த அறையில் ஒரு மணி நேரம் விட்டு மறுபடி மூடி, அதே சோதனையைச் செய்யுங்கள். மூட்டம் போய்விட்டால் அடைபட்ட காற்றுதான் காரணம். சில நாள் கழித்து மூட்டம் திரும்பினால் எங்கோ ஒழுகுகிறது. இந்த வாட்ச் முதல் முறையிலேயே தெளிவாக நின்றது.

பெசல், வார், மிச்சம்

பெசல் 120 கிளிக், ஒரு பக்கம் மட்டும் சுற்றுவது. அசல் 62மாஸில் கிளிக்கே கிடையாது, இரு பக்கமும் உராய்வில் சுற்றும். அடி வளையத்தில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவி, இன்செர்ட்டை (பெசலின் மேல் ஒட்டும் குறிகள் உள்ள தகட்டை) 12-க்கு நேராக இரட்டைப் பக்க ஒட்டு வளையத்தில் ஒட்டுங்கள். விரைவுப் பசை வேண்டாம், அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலம் விடும். வாருக்கு 1960-களின் ட்ராபிக் வகை ரப்பர் இந்த முகத்துக்குப் பொருந்துகிறது. ஸ்பிரிங் கம்பி மட்டும் நல்லதாகப் போடுங்கள், வாட்ச் தொலைவது அந்த ஒல்லிக் கம்பி நழுவித்தான்.

இரவு 9 மணி முதல் காலை 4 மணி வரை தேதியைக் கையால் மாற்றக் கூடாது. பற்சக்கரங்கள் அப்போது பிணைந்திருக்கும், பல் உடையும். வாட்சை யாருக்காவது கொடுத்தால் இதையும் சொல்லிக் கொடுங்கள். கடலில் இறங்கி வந்தால் கிரவுன் மூடியபடியே நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு காய்ந்தால் பெசல் இறுகும், கிரவுன் இழையைத் தின்னும்.

இப்படிக் கட்டிய கேஸுக்குப் பாக எண் கிடையாது. அதனால் பின்மூடி ஓ-ரிங்கின் உள்விட்டம், கனம், கிரவுன் ஓ-ரிங்கின் அளவு, வெட்டிய ஸ்டெம்மின் நீளம், மூடிய தேதி ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி, மிச்ச ஓ-ரிங் செட்டோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை 6 பார் சோதனை. பின்மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓ-ரிங் புதிது.